நமச்சிவாயம் எண்ணாத எட்டு

பிள்ளையார்பாளையத்தில் நமச்சிவாயத்தின் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தக் குரல் பழக்கம். தறிக்குழிக்குள்ளிருந்து வரும். "அஞ்சு, ஆறு, ஏழு, சிவம், ஒம்போது, பத்து." சேலையில் ஒரு புட்டாப் பூவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவில் எத்தனை ஊடை, அதாவது குறுக்கிழை, போடவேண்டும் என்று வாய்விட்டு எண்ணுவது அவர் பழக்கம். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்கள் இல்லையா, அந்த மாதிரி இதுவும் ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டது என்று தெருவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேர்ந்துகொண்டதும் இல்லை, ஒன்றும் இல்லை. எண்ணும்போது எட்டு என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை. மூன்று வருஷமாக வருவதில்லை, அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா நெய்த சேலையைப் புரட்டிப் பார்த்து, "கரை இழுத்துக்கினு இருக்குதே" என்று சொல்லிவிட்டு வந்தவர் என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தான் சொன்னதுதான் சரி என்று நிற்கிற மனிதர். தப்பு என்று தெரிந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். அந்த வீட்டில் அவரோடு இருப்பது செத்துப்போன தம்பியின் மனைவி இளவரசி, தம்பி மகள் சுகாசினி. இளவரசி காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலைக்குப் போகிறாள். சுகாசினி இந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்தாள்.

தம்பி பெயர் சிவபாலன். எட்டுக்குப் பதிலாக வாயில் வரும் சிவம் எந்தச் சிவம் என்று இப்போது புரிந்திருக்கும். ஏகாம்பரநாதர் என்று தெருக்காரர்கள் நம்புவதில் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அண்ணனும் தம்பியும் இருபது வருஷம் ஒரே தறியில் கோர்வைச் சேலை நெய்தவர்கள். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே கோர்த்துக்கொண்டு போவதுதான் கோர்வை. அதற்கு ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். அண்ணன் குழியில் உட்கார்ந்து தன் பங்கு நாடாவைத் தள்ளுவார். வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் தம்பி அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளுவான். அவன் தள்ளி முடிக்கிறவரை அண்ணன் ஊடையை நெருக்கும் பலகையை அடிக்கக்கூடாது. அரை மூச்சு நேரம் நிற்கவேண்டும். இப்போது நமச்சிவாயம் நெய்வது ஒற்றை நாடாச் சேலை. யாருக்காகவும் நிற்கத் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஊடைக்கும் அவர் கை அரை மூச்சு நிற்கிறது. வலது பக்கம் பார்க்கமாட்டார். நின்றுவிட்டு அடிப்பார்.

அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. அதற்கு மேலே சுவரில் ஒரு பலகை. பலகையில் பழைய வேட்டித் துணியில் சுற்றின ஒரு லேப்டாப். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள்ளிருந்து விசிறி சுற்றும் சத்தம் தனக்குக் கேட்கிறது என்று நமச்சிவாயம் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். மத்தியானம் தெரு அடங்கின நேரத்தில் மெல்லியதாக "உய்ய்ய்" என்று தொடங்கும். எழுந்து போய்த் துணிமேல் கையை வைப்பார். சில்லென்று இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் தொடங்கும்.

அந்த லேப்டாப்பை வாங்கின கதையைச் சொல்லவேண்டும்.

சிவபாலனுக்கு வரைகிற கை. முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் மயிலையும் அன்னத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருந்தவன், முப்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டான். திரையில் வரைந்த டிசைனை ஒரு சாஃப்ட்வேர் இழை இழையாகப் பிரித்துத் தரும். அதை வைத்துத்தான், தறியில் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டிக்குத் துளை போட்ட அட்டை அடிப்பார்கள். அந்தப் பிரிக்கிற வேலைக்குத்தான் நல்ல மெஷின் வேண்டும் என்று அண்ணனைக் கடைக்குக் கூட்டிப்போனான். வீட்டில் பெரிய பொருள் எது வாங்கினாலும் அண்ணன் கை வைத்துத்தான் வாங்குவது வழக்கம்.

கடையில் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார்கள். ஒன்று நாலு கோர். இன்னொன்று எட்டு கோர். கோர் என்றால் என்ன என்று நமச்சிவாயம் கேட்டார். உள்ளே வேலை செய்கிற மூளை, இதில் நாலு, அதில் எட்டு என்றான் கடைக்காரன்.

"அப்போ இன்னா யோசனை? எட்டையே எடு" என்றார் நமச்சிவாயம்.

"இல்லண்ணா, நாலு கோருல ஒவ்வொண்ணும் வேகமா ஓடும். எட்டுல ஒவ்வொண்ணும் கொஞ்சம் மந்தம்தான்" என்றான் சிவபாலன்.

"ஒரு வீட்டுல நாலு தறி இருக்குது. இன்னொரு வீட்டுல எட்டு தறி இருக்குது. மாசம் பொறந்தா எவன்டா அதிகமா சேலை இறக்குவான்?"

கடைக்காரன் சிரித்தான். சிவபாலனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "எட்டு தறி வெச்சிருந்தா எட்டு சேலை நெய்யலாம்ணா. ஒரே சேலைய எட்டு தறியில பிரிச்சிப் போட்டு நெய்ய முடியுமா? என் வேலை ஒரே சேலை மாதிரிண்ணா. ஒரு இழை முடிஞ்சாத்தான் அடுத்த இழை."

சரியாகத்தான் சொன்னான். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதருக்கு அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நீள இழைகளை ஏற்றின ஒரு பாவு ஒரு தறியில்தான் ஓடும். பாவை எட்டாகக் கிழித்தால் மிஞ்சுவது கந்தல். ஆனால் பிறத்தியார் எதிரில், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற கடைக்காரன் எதிரில், பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளினவன் தறிக் கணக்கைச் சொல்லித் தருவதா? நமச்சிவாயத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"எனக்கே தறி சொல்லித் தர்றியா? எட்டுதான். கட்டிக் குடுப்பா" என்றார்.

சிவபாலன் பெட்டியை வாங்கிக்கொண்டான். வண்டியில் வரும்போது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "கலர் நல்லா இருக்குதுண்ணா" என்றான். அவன் அப்படித்தான். அது நமச்சிவாயத்தின் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

அதன்பின் சிவபாலன் தறியின் வலது பக்கத்தை இளவரசிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதே கூடத்தில் சுவர் ஓரமாக ஒரு பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். வேறு அறை ஏது? அவன் டிசைனைப் பிரிக்கப் போட்டால் விசிறி கூச்சல் போடத் தொடங்கும். சேலையைப் போலவே அந்தச் சத்தமும் நீண்டுகொண்டே போகும். நமச்சிவாயத்துக்கு எண்ணிக்கை தப்பும். ஒருநாள் இருபத்திரண்டா இருபத்திமூன்றா என்று தெரியாமல் நெய்து, புட்டா இடம் தவறி, ஒரு விரற்கடை நெய்ததை இழை இழையாகப் பிரிக்கவேண்டி வந்தது. பட்டை நெய்வது ஒரு வேலை, நெய்ததைப் பிரிப்பது நாலு வேலை. அவர் கையிலிருந்த நாடாவை ஓங்கித் தரையில் வைத்தார்.

"டேய், அந்தப் பொட்டிய அணைக்கிறியா, இல்ல நான் தறிய ஒடைச்சிட்டு ஊட்ட விட்டுப் போவட்டுமா?"

சிவபாலன் லேப்டாப்பில் ஏதோ தட்டினான். விசிறி அடங்கியது. மறுநாளிலிருந்து நெய்கிற நேரத்தில் அந்தச் சத்தமே இல்லை. ஒரு வார்த்தைக்கு எல்லாம் சரியாகிவிட்டதே என்று நமச்சிவாயம் திருப்திப்பட்டுக்கொண்டார். அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் லேப்டாப் மந்தமாகிவிட்டது. கால் மணியில் முடிகிற வேலைக்கு முக்கால் மணி என்று ஆனது. சிவபாலன் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். நமச்சிவாயம் நெய்துகொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பார். எட்டுக்குப் பதில் நாலை வாங்கியிருக்கவேண்டும் என்று மனசுக்குள் தெரியும். வாயைத் திறக்கமாட்டார். தம்பியும் ஒருநாள்கூடக் குத்திக்காட்டவில்லை.

ஐப்பசி மாசம் ஒரு சாயங்காலம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. சென்னைக் கடை ஒன்றுக்குக் கல்யாணச் சேலை டிசைன், மறுநாள் காலையில் அட்டை அடிக்கப் போகவேண்டும். சிவபாலன் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, திருத்தி, மூன்றாவது தடவைக்கு உட்கார்ந்திருந்தான். இன்னும் எத்தனை தடவை திருத்தவேண்டி வருமோ தெரியாது.

"அண்ணா, இன்னும் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டான்.

"ஒரு மொழம்" என்றார் நமச்சிவாயம், திரும்பாமல்.

"செரி. நான் செவிலிமேட்டுல போய் இத ஓட்டிக்கினு வந்துர்றேன்."

செவிலிமேட்டில் அவன் கூட்டாளி ஒருவனிடம் வேகமான கம்ப்யூட்டர் இருந்தது. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். ஒரு முழத்தில் பாதியை நமச்சிவாயம் நெய்திருந்தபோது தெருவில் யாரோ ஓடிவந்தார்கள். லாரி. அந்தச் சேலையை அவர் முடிக்கவில்லை. வேறு யாரோ முடித்துக் கொடுத்தார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. மெஷின் வேகமாக ஓடியிருந்தால் தம்பி மழையில் போயிருக்கமாட்டான். நாலு கோர் வாங்கியிருந்தால் வேகமாக ஓடியிருக்கும். எட்டு வாங்கினது யார்? இப்படியே சுற்றிச் சுற்றி வந்து தறிக்குழியிலேயே முடியும். காரியம் முடிந்த அன்று லேப்டாப்பை வேட்டித் துணியில் சுற்றிப் பலகைமேல் வைத்தவர் அவர்தான். விற்கவும் விடவில்லை, தொடவும் விடவில்லை. எண்ணும்போது எட்டு வரவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். ஒருநாள் அந்த இடத்தில் தம்பி பெயர் வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

மூன்று வருஷம் இப்படிப் போனபின் சுகாசினி வந்து நின்றாள்.

"பெரிப்பா, எனக்கு லேப்டாப் வாங்கணும். நீங்க வந்து பாருங்க."

அவள் சேர்ந்திருப்பது அனிமேஷன் படிப்பு. மூங்கில் மண்டபம் பக்கம் நதியா என்று ஒருத்தி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள், நல்ல பெயர், அங்கே போகலாம் என்றாள். நமச்சிவாயம் அம்மாவைக் கூட்டிப்போ என்றார். அம்மாவுக்கு லீவு இல்லை. அதுவும் தவிர, பெரியப்பா கை வைக்காமல் அந்த வீட்டில் பெரிய பொருள் வாங்கினதில்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாள் தப்பிக்கப் பார்த்துவிட்டு நாலாம் நாள் சட்டையை மாட்டினார்.

நதியாவுக்கு முப்பது வயசுக்கு மேல் இருக்கும். பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு ஊர். அப்பா கடைசிவரை பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர். இவள் பாலிடெக்னிக் படித்துவிட்டு இன்னொருவர் கடையில் பத்து வருஷம் ஸ்க்ரூ கழற்றி, பிறகு சொந்தமாகக் கடை போட்டாள். வாங்க வருகிறவரை முதலில் உட்காரவைத்து, இதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைப் பிரிப்பாள். கேட்டதும் எடுத்துக் கொடுத்தால் வியாபாரம் இன்னும் நன்றாக ஓடியிருக்கும். அது அவளுக்கு வராது.

சுகாசினி தன் படிப்பைச் சொன்னாள். நதியா தயங்கவே இல்லை.

"உனக்கு எட்டு கோர் வேணும். அதுக்குக் கொறைஞ்சா கஷ்டம்."

நமச்சிவாயம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அது வேணாம்."

"ஏண்ணா?"

அண்ணா என்று அவள் கூப்பிட்டதும் அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊரில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் கம்ப்யூட்டர் அடுக்கின ஒரு கடையில் அந்த வார்த்தையை அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"எட்டு தறியில ஒரே சேலைய நெய்ய முடியாதும்மா" என்றார்.

நதியாவுக்கு அது பிடித்துவிட்டது. "கரெக்ட்டுண்ணா! யார் சொன்னாங்க இத? ஒரே சேலைன்னா முடியாது. ஆனா இவ வேலை ஒரே சேலை இல்ல. படம் ஓட்றதுக்கு ஒரு செகண்டுக்கு இருபத்திநாலு படம். ஒவ்வொண்ணும் தனித்தனி சேலை மாதிரி. எட்டு கோருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டா ஒரே நேரத்துல நெய்யும். இன்னா வேலைன்னு பாத்துட்டுத்தாண்ணா எத்தினி கோருன்னு சொல்லணும்."

"வேணாம்னா வேணாம்மா. வா சுகாசினி" என்று நமச்சிவாயம் படியிறங்கிவிட்டார்.

சுகாசினி வீட்டுக்கு வந்து அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவள் அம்மாவிடம் மெதுவாக, "விடும்மா, காலேஜ் லேப்லயே செஞ்சிக்கிறேன். சாயங்காலம் அங்க இருந்துட்டு லேட்டா பஸ் புடிச்சி வந்துர்றேன்" என்று சொல்வது தறிவரை கேட்டது. நமச்சிவாயம் நாடாவைக் கீழே வைத்தார். வீட்டில் மெஷின் சரியில்லை, வெளியில் போய் ஓட்டிக்கொண்டு வருகிறேன். இதே பேச்சு. மகளும் அதே மாதிரி சாதாரணமாகச் சொல்கிறாள். பலகைமேலிருந்து "உய்ய்ய்" என்று தொடங்கியது. இந்தத் தடவை அது அடங்கவே இல்லை.

மறுநாள் காலை துணியை அவிழ்த்தார். இளவரசி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். லேப்டாப்பைத் திறக்க என்ன போடவேண்டும் என்று கேட்டார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. சுகாசினி பிறந்த தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நதியாவின் மேசைமேல் அதை வைத்தார். நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"இதுவும் எட்டு கோருதாம்மா. என் தம்பி நாலு கேட்டான். நான்தான் எட்டு வாங்கினேன். இது மந்தமா ஓடுனதாலதான் அவன் வெளிய போனான். போனவன் வரல. எட்டு வாங்கினது தப்பா இல்லியான்னு எனக்குத் தெரியணும். மறைக்காம சொல்லு."

நதியா அவர் முகத்தைப் பார்த்தாள். சார்ஜரைத் தேடி மாட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரை வெளிச்சமானது. சுவாமி படம் இல்லை, மகள் படம் இல்லை. பச்சை உடம்பில் அரக்குக் கரை போட்ட ஒரு சேலையின் மூலை. அண்ணன் நெய்தது.

கடைசியாகத் திறந்த டிசைன் அப்படியே இருந்தது. இழை பிரிக்கப் போட்டாள். கூடவே இன்னொரு சன்னலைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். எட்டுக் கட்டம். ஒரு கட்டத்தில் மட்டும் கோடு மேலே ஏறி நின்றது. மற்ற ஏழிலும் தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஒண்ணு வேலை செய்யுது. ஏழு சும்மா இருக்குது" என்று அவள் சொல்வதற்குள் அவர் எண்ணிவிட்டார்.

"பாத்தியா? அவன் சொன்னான். அப்பவே சொன்னான்" என்றார். விரலால் அந்த ஏழு கட்டத்தையும் தொட்டுக் காட்டினார். மூன்று வருஷம் நினைத்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு. ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒருவன் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறான்.

நதியா திரையின் ஓரத்தில் ஏதோ ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள். காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"இருங்கண்ணா. அந்த ஒண்ணுகூட முழுசா ஓடல. பாதி வேகத்துக்கும் கீழ நிக்குது. சூடே இல்ல. ஃபேனும் சுத்தல. யாரோ கட்டிப் போட்டு வெச்சிருக்காங்க."

மின்சாரத்தை எப்படிச் செலவழிக்கவேண்டும் என்று சொல்லிவைக்கிற இடத்தைத் திறந்தாள். அங்கே இரண்டு பெயர் இருந்தது. முதலாவது ஆங்கிலத்தில், எல்லா லேப்டாப்பிலும் இருப்பது. இரண்டாவது, யாரோ தானே உண்டாக்கி, தமிழிலேயே அடித்துப் பெயர் வைத்தது. அதற்கு எதிரில்தான், இப்போது ஓடுவது இது என்று காட்டும் புள்ளி இருந்தது. நமச்சிவாயத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அண்ணன் தறி.

"யாருண்ணா அண்ணன்?" என்றாள் நதியா.

"நான்தாம்மா."

அவள் மெதுவாக விளக்கினாள். இதைத் தேர்ந்தெடுத்தால் ப்ராசஸர் நூற்றுக்கு முப்பதுக்குமேல் ஓடாது. ஓடாவிட்டால் சூடாகாது. சூடாகாவிட்டால் விசிறி சுற்றாது, சத்தமும் வராது. மேலே இருக்கிறதைத் தொட்டால் பழையபடி முழு வேகம். ஒரு தட்டு, அவ்வளவுதான். இதிலிருந்து அதற்கும், அதிலிருந்து இதற்கும். தொட்டுக் காட்டினாள்.

"உய்ய்ய்" என்று விசிறி எழுந்தது. மூன்று வருஷமாகக் கேட்ட அதே சத்தம். இந்தத் தடவை கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. நமச்சிவாயம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முக்கால் மணி ஆகவேண்டிய டிசைன் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்து நின்றது.

"எட்டு வாங்குனது ஒண்ணும் பெரிய தப்பு இல்லண்ணா" என்றாள் நதியா. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள், பாவம். "நாலு வாங்கியிருந்தா இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் கொறைஞ்சிருக்கும். ஆனா அதுலயும் இந்த மாதிரி கட்டிப் போட்டா இதே மாதிரிதான் ஊர்ந்திருக்கும்."

அண்ணா, இன்னும் எவ்ளோ இருக்குது?

மூன்று வருஷமாகத் தம்பியின் அந்தக் கேள்வியை அவர் நினைக்காத நாள் இல்லை. சேலையைப் பற்றித்தான் கேட்டான் என்று நினைத்திருந்தார். கடைசிப் பேச்சும் தறியைப் பற்றித்தானே என்று அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அவன் சேலையைப் பற்றிக் கேட்கவில்லை. அண்ணன் எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டான். எழுந்ததும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பான். ஒரு முழம் என்றால் இரண்டு மணி நேரம் என்று அவனுக்குத் தெரியும். அண்ணன் நெய்யும்போது சத்தம் போடக்கூடாது என்றும் தெரியும். செரி என்றான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான்.

எட்டு அவனைக் கொல்லவில்லை. அது தெரிந்தபோது நமச்சிவாயத்துக்குக் காரணம் எட்டாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கடையில் செய்த தப்பு என்றால் கடைக்காரனோடு பாதி பங்கு போட்டுக்கொள்ளலாம். இதில் பங்குக்கு யாரும் இல்லை.

சாயங்காலம் இளவரசி வந்ததும், அவன் லேப்டாப்பில் அப்படித் தட்டுவதைப் பார்த்திருக்கிறாளா என்று கேட்டார். அவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"நீங்க தறியில உக்காந்ததும் ஒருவாட்டி தட்டுவாரு மாமா. எழுந்ததும் ஒருவாட்டி தட்டுவாரு. தெனம் பாப்பேன். ஏதோ அவரு பழக்கம்னு நெனச்சிக்கினேன்." கொஞ்சம் நின்று, "நீங்க மத்தியானம் சாப்பிட எழுந்தா ஓடிப்போய் வேலைய முடிச்சிக்குவாரு. அதான் அவரு சோறு எப்பவும் ஆறிப்போயி இருக்கும்" என்றாள்.

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். நமச்சிவாயம் கூடத்து இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பலகையில் திரும்பக் கொண்டுவந்து வைத்த லேப்டாப்பிலிருந்து அன்றைக்கு ஒரு சத்தமும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீடு அவருக்கு வெறும் வீடாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து சுகாசினியோடு கடைக்குப் போனார். "எட்டே குடும்மா" என்றார். சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணாமல் அப்படியே மேசைமேல் வைத்தார்.

லேப்டாப் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சுகாசினி அதை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவதைப் பார்த்தார். பெரியப்பா நெய்யும்போது கூடத்தில் சத்தம் கூடாது என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழக்கியிருந்தார்கள்.

"எங்க போற? இங்க வந்து உக்காரு."

"சத்தம் வரும் பெரிப்பா."

"வரட்டும். வா."

எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவளுக்குத் தறியின் வலது பக்கத்தைக் காட்டினார். அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்து ஏதேதோ செய்தாள். கடைசிப் பொத்தானைத் தொடாமல் விரலைத் தூக்கியபடி அவர் நெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இன்னும் எவ்ளோ இருக்குது பெரிப்பா?"

நமச்சிவாயத்தின் கை நின்றுவிட்டது. சேலையில் இன்னும் மூன்று முழம் இருந்தது.

இந்தத் தடவை அவர் திரும்பினார். வலது பக்கம் முழுசாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அப்பன் ஜாடைதான்.

"ஒண்ணும் இல்லம்மா. நீ ஓட்டு."

அவள் தட்டினாள். விசிறி மெல்லத் தொடங்கி, ஏறி, கூடம் முழுக்க நிறைந்தது. அவர் அதற்கு மேலே குரலை உயர்த்தி எண்ணிக்கொண்டே நெய்தார். பதினேழா பதினெட்டா என்று தப்பியது. போட்ட ஊடையை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. எல்லாவற்றையும் பிரித்த பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"ஆறு. ஏழு." அரை மூச்சு நின்றார். "எட்டு."